மய்யித்: ஒரு பெயரடை சுமக்கும் காலம்

கி.பி. 632, ஜூன் மாதம். முஹம்மது நபி இறந்துவிட்டார் என்ற செய்தி மதீனாவில் பரவியபோது அதை உரத்த குரலில் மறுத்தவர் உமர். நபி இறக்கவில்லை, திரும்பி வருவார் என்றே அவர் மக்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னர் வந்து சேர்ந்த அபூபக்ர், வீட்டுக்குள் சென்று உடலைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பேசினார். புகாரியின் தொகுப்பில் உள்ள ஓர் அறிவிப்பின்படி அவர் அப்போது இரண்டு குர்ஆன் வசனங்களை ஓதினார். அவற்றுள் 3:144 பரவலாக நினைவில் நிற்பது. மற்றது 39:30. மொழியியலாளர் நின்று பார்க்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான்.

அவ்வசனம் நபி உயிரோடிருந்த காலத்தில், மக்காவில், அவரையே முன்னிலையாக்கிச் சொல்லப்பட்டது. அதில் வினைச்சொல்லே இல்லை. முன்னிலை எழுவாய் ஒன்று; அதற்குப் பயனிலையாக 'மய்யித்' என்ற பெயரடை. சொல்லப்பட்ட நாளில் அச்சொல் இனி நிகழவிருக்கும் ஒரு சாவைக் குறித்தது. அபூபக்ர் ஓதிய நாளிலோ அதே சொல், ஓர் எழுத்தும் மாறாமல், நிகழ்ந்து முடிந்த சாவுக்குச் சான்றாயிற்று. வினைமுற்று இருந்திருந்தால் இது இயன்றிருக்காது. இறந்தகாலமோ எதிர்காலமோ ஏதேனும் ஒன்று வாக்கியத்தைக் கட்டிப்போட்டிருக்கும். தமிழில் இந்த வசனத்தைப் பெயர்க்க முனைவோர் முதலில் முட்டிக்கொள்ளும் இடமும் இதுவே. 'இறந்த', 'இறக்கின்ற', 'இறக்கும்' என்று தமிழ்ப் பெயரெச்சம் காலத்தைக் காட்டாமல் நகராது. ஆகவே 'இறப்பவர்', 'மரணிப்பவர்' என்று எதிர்காலத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பு பிழையன்று, ஆனால் மூலத்தில் திறந்திருந்த ஒரு கதவு மூடிவிடுகிறது.

அந்தக் கதவு அரபிலும் உண்மையில் திறந்துதான் இருந்ததா என்பதைப் பற்றி இலக்கணிகளும் அகராதியாளர்களும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் வாதிட்டிருக்கிறார்கள். வாதத்தின் மையம் ஒரு யகரம் இரட்டிப்பதும் இரட்டிக்காததும். 'மய்யித்' என்றொரு வடிவம், 'மய்த்' என்று சுருங்கிய இன்னொரு வடிவம். உயிருள்ளவரை, அவர் ஒருநாள் சாகப்போகிறவர் என்பதற்காக, இவற்றுள் எதனால் அழைக்கலாம்?

வேரிலிருந்து தொடங்கலாம். மீம், வாவ், தா என்னும் மூன்று மெய்கள் கொண்ட இவ்வேர் செமித்தியக் குடும்பம் முழுவதிலும் சாவைக் குறிக்கிறது. அக்காதியத்தில் 'மீத்து' என்றால் இறந்தவன். எபிரேயத்தில் 'மேத்', சிரியாக்கில் 'மீத்'. கீஸ் மொழியில் 'மோத்த' என்பது 'இறந்தான்'. சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929இல் தொடங்கிய அகழாய்வு உகாரித்தியக் களிமண் பலகைகளை வெளிக்கொணர்ந்தபோது, பாஅலோடு போரிடும் சாவுத் தெய்வத்தின் பெயராகவும் இதே வேரே வந்து நின்றது. சதுரங்கத்தின் 'ஷா மாத்' என்பதையும் சிலர் இப்பட்டியலில் சேர்த்து, 'அரசன் இறந்தான்' என்று பொருள் சொல்வதுண்டு. 'மாத்' என்பதற்குப் பாரசீகத்தில் திகைத்துப்போன, செய்வதறியாத என்ற பொருள் உண்டு; சதுரங்கத்தில் அரசன் வெட்டப்படுவதுமில்லை. பாரசீக விளக்கமே பொருத்தமானது.

எபிரேய 'மேத்' என்பதையும் அரபு 'மய்த்' என்பதையும் அருகருகே வைத்ததும் ஒரு சபலம் எழும். அரபு 'பய்த்' (வீடு) எபிரேயத்தில் 'பேத்' என்று வருகிறதே, 'மய்த்' என்பதும் அப்படித்தான் 'மேத்' ஆகியிருக்கும் என்று தோன்றும். ஆனால் 'பேத்' என்பது எபிரேயத்தில் அடுத்த பெயரோடு தொடர்ந்து நிற்கும்போது மட்டும் வரும் வடிவம். தனித்து நின்றால் அது 'பயித்'. 'மேத்' தனித்து நின்றாலும் 'மேத்' தான். ஆகவே அதன் அடியில் இருப்பது 'அய்' என்னும் ஒலியன்று, ஓர் இகரம். அந்த இகரத்தின் உடன்பிறப்பை அரபின் பெயரடையில் தேடுவதைவிட வினையில் தேடுவது பயன் தரும். 'நான் இறந்தேன்' என்பதற்கு அரபில் 'முத்து', 'மித்து' என இரு வடிவங்கள் உண்டு. இந்தியாவில் அச்சாகும் ஹஃப்ஸ் வழி ஓதலிலேயே இரண்டையும் காணலாம்: 3:157இல் உகரம், 19:23இல் மர்யமின் கூற்றில் இகரம். இகர வடிவம், இறத்தலை ஒரு செயலாக அல்லாமல் ஒரு நிலையாகக் கண்ட பழைய வினைவகையின் எச்சம் என்று கொள்ள இடமுண்டு. எபிரேயத்திலும் 'மேத்' என்ற ஒரே வடிவம் 'இறந்தான்' என்றும் 'இறந்தவன்' என்றும் நிற்கிறது. வினைக்கும் பெயரடைக்கும் நடுவே வேலி போடாத சொல் இது.

இனி, இரட்டித்த யகரம். வேரில் இருப்பது வகரம். சொல்லிலோ இரண்டு யகரங்கள் ஒலிக்கின்றன. வகரம் எங்கே போயிற்று? அரபு உருபனியல் நூல்கள் அனைத்தும் ஓதும் விதி ஒன்று இருக்கிறது: ஒரே சொல்லில் வகரமும் யகரமும் அடுத்தடுத்து வந்து, முன்னது உயிரின்றி நின்றால், வகரம் யகரமாகத் திரிந்து மற்றதோடு ஒன்றிவிடும். 'சய்வித்' என்பது 'சய்யித்' ஆனது இவ்வாறே. அதன் வேரில் உள்ள வகரம் 'சவ்வத' போன்ற வடிவங்களில் வெளிப்படும். 'நாள்' என்னும் பொருளுள்ள 'யவ்ம்' என்பதன் பன்மை 'அய்வாம்' ஆகாமல் 'அய்யாம்' ஆனதும் இவ்விதியால்தான். 'மய்வித்' இப்படியே 'மய்யித்' ஆயிற்று. நன்னூல் படித்தவர்களுக்குத் திரிதல் என்ற ஒரு சொல்லில் இது விளங்கிவிடும்.

இந்த விதி இந்திய மதரஸாக்களில் கற்பிக்கப்பட்ட விதத்திற்குத் தனியே ஒரு வரலாறு உண்டு. வட இந்தியாவில் நெடுங்காலம் பாடநூலாக இருந்துவரும் 'இல்முஸ் ஸீகா' என்ற உருபனியல் நூல் அந்தமான் தீவில் எழுதப்பட்டது. எழுதியவர் லக்னோவை அடுத்த காகோரியைச் சேர்ந்த முஃப்தி இனாயத் அஹ்மத். 1857 எழுச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட அவர், கையில் நூல்கள் இல்லாத இடத்தில் இருந்துகொண்டு, வலிய மெய்யும் மெலிந்த மெய்யும் எவ்வாறு திரியும், கெடும், இடம் மாறும் என்பதைப் பாரசீகத்தில் வரிசைப்படுத்தினார். விடுதலையாகி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர் 1863இல் கப்பல் மூழ்கி இறந்தார். சொற்களின் மெலிந்த எழுத்துக்களைப் பற்றி ஒரு கைதி நினைவிலிருந்து எழுதிய அந்நூலை இன்றும் மாணவர்கள் தேர்வுக்காக மனனம் செய்கிறார்கள். எழுதப்பட்ட இடத்தைப் பலர் அறிவதில்லை.

'மய்வித்' என்பது எந்த வாய்பாட்டில் அமைந்தது என்பதில்தான் பஸ்ராவும் கூஃபாவும் பிரிந்தன. பஸ்ரா தரப்பு, சீபவைஹி (இறப்பு சுமார் 796) முதலாக, அதை 'ஃபய்இல்' என்றது. கூஃபாவின் தரப்பில் ஃபர்ரா (இறப்பு 822) முதலியோர் மூல வடிவம் 'மவீத்' என்றும், அது 'ஃபஈல்' என்னும் பெருவழக்கான வாய்பாட்டைச் சேர்ந்தது என்றும், எழுத்துகள் இடம் மாறியே இன்றைய வடிவம் வந்தது என்றும் கொண்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அபுல் பரகாத் அல்-அன்பாரி இரு தரப்பின் வழக்குகளைத் தொகுத்த 'அல்-இன்ஸாஃப்' நூலில் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார்.

கூஃபாவின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வலிய மெய்கள் கொண்ட வேர்களில் 'ஃபய்இல்' என்ற வாய்பாடே கிடையாது. கிடைப்பதெல்லாம் அகரம் கொண்ட 'ஃபய்அல்'. இல்லாத வாய்பாட்டை ஒரு சில சொற்களுக்காக ஏன் படைக்க வேண்டும்? பஸ்ரா சொன்ன மறுமொழி இரண்டு. மெலிந்த வேர்களுக்கு மட்டுமே உரிய வாய்பாடுகள் மொழியில் வேறும் உண்டு. 'காழி' என்பதன் பன்மை 'குழாத்' என வருவது அத்தகையது, வலிய வேர்களில் அப்பன்மை வாராது. இரண்டாவது மறுமொழி இன்னும் கூர்மையானது: 'மவீத்' மாறி 'மய்யித்' ஆயிற்றென்றால், அதே அமைப்புள்ள 'தவீல்' (நீண்ட) ஏன் 'தய்யில்' ஆகவில்லை? இந்த ஒரு கேள்வியே வழக்கை முடித்துவிடுகிறது என்று சொல்லத் தோன்றுகிறது. ஒலிமாற்ற விதி ஒரு சொல்லில் நடந்து, அதே சூழலுள்ள மறு சொல்லில் நடக்காமல் போனால் அது விதியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் இளம் இலக்கணிகள் இக்கொள்கையை முழங்கிப் புகழ்பெறுவதற்கு வெகுகாலம் முன்பே பஸ்ராவினர் அதைக் கையிலெடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

'மய்த்' இதிலிருந்து பிறந்த சுருக்கம். இரட்டித்த யகரமும் அதன் இகரமும் சேர்ந்து பேச்சில் ஒற்றை யகரமாகத் தேய்ந்தன. 'ஹய்யின்' (எளிய) 'ஹய்ன்' ஆனதும், 'லய்யின்' (மென்மையான) 'லய்ன்' ஆனதும் இதே போக்கு. இலக்கணிகள் இதைக் 'கனமான' வடிவம், 'இலேசான' வடிவம் என்று பெயரிட்டார்கள். ஸஜ்ஜாஜ் போன்றோர் இரண்டும் பொருளால் ஒன்றே என்று கூறி நிறுத்திக்கொண்டனர்.

அகராதியாளர்கள் அங்கே நிற்கவில்லை. இலேசான 'மய்த்' ஏற்கனவே இறந்தவனைக் குறிக்கும். கனமான 'மய்யித்', அதனோடு 'மாயித்' என்ற வினைப்பெயர் வடிவம், இன்னும் சாகாதவனைக் குறிக்கும் என்றொரு பகுப்பு எழுந்தது. ஃபீரூஸாபாதியின் (இறப்பு 1415) 'காமூஸ்' இதை ஒரு கருத்தாகப் பதிவு செய்கிறது. இப்பகுப்பை எளிதில் நினைவில் கொள்ளப் பாட்டும் கட்டினார்கள்: உயிருள்ளவன் மய்யித், தோளில் சுமந்து கல்லறைக்குக் கொண்டுபோகப்படுபவன் மய்த். வாட்ஸப்பிலும் யூடியூபிலும் 'குர்ஆனின் சொல் நுட்பம்' என்ற தலைப்பில் இன்று சுற்றிவருவது பெரும்பாலும் இந்தப் பாட்டின் சாரமே. சுற்றிவராதது, இப்னு மன்ஸூரின் (இறப்பு 1311) 'லிஸானுல் அரப்' இக்கருத்தைச் சொன்ன கையோடு பதிவு செய்யும் மறுப்பு: இப்பகுப்பு தவறு, மய்யித் இறந்தவனுக்கும் இறக்கப்போகிறவனுக்கும் பொருந்தும். இஸ்லாத்துக்கு முந்திய கவிஞர் அதீ இப்னு அர்-ரஅலா, செத்து ஓய்ந்தவன் மெய்யான பிணமல்லன், உயிரோடிருந்தும் செத்தவனே பிணம் என்ற கருத்துள்ள தம் கவிதையடியில் இரு வடிவங்களையும் ஒரே பொருளில் பயன்படுத்தியதும் அம்மறுப்புக்குத் துணையாக வைக்கப்பட்டது.

காமூஸுக்கு எழுந்த உரைகளில் மிகப் பெரியதான 'தாஜுல் அரூஸ்' ஓர் இந்தியரின் படைப்பு. முர்தஸா ஸபீதி 1732இல் இன்றைய உத்தரப்பிரதேசத்தின் பில்கிராமில் பிறந்தவர். தில்லியில் ஷா வலியுல்லாஹ்விடம் பயின்று, யமனின் ஸபீத் நகரில் தங்கிப் படித்ததால் ஸபீதி எனப் பெயர் பெற்று, கெய்ரோவில் குடியேறி, 1774இல் தாஜை முடித்து, 1791இல் கொள்ளைநோயில் இறந்தார். காமூஸே 1817இல் கல்கத்தாவில் அச்சேறியது. தாஜை அடித்தளமாக்கி எட்வர்ட் லேன் தொகுத்த அரபு–ஆங்கில அகராதியோ இவ்வேரை எட்டுவதற்குள் ஆசிரியரை இழந்தது: காஃப் எழுத்தில் பணி செய்துகொண்டிருந்த லேன் 1876இல் இறந்தார். மீம் எழுத்தின் சாவு என்னும் சொல், அவர் விட்டுச்சென்ற குறிப்புகளிலிருந்து அவர் உறவினர் ஸ்டான்லி லேன்-பூல் அச்சிட்ட பகுதியில்தான் இருக்கிறது.

பகுப்பு சரியா என்பதை அகராதிகளை மோதவிட்டுத் தீர்க்க இயலாது. ஆனால் சோதித்துப் பார்க்க ஒரு தரவுத்தொகுப்பு உண்டு: குர்ஆனின் ஓதல் மரபுகள். எந்த இடத்தில் எந்த ஓதுநர் யகரத்தை இரட்டித்தார், எங்கே இரட்டிக்கவில்லை என்பதை அம்மரபுகள் சொல் சொல்லாகக் கணக்கு வைத்திருக்கின்றன. மய்யித்–மய்த் வேறுபாட்டுக்கு இதைவிட நுணுக்கமான பதிவு வேறெங்கும் இல்லை.

3:27இல், உயிரற்றதிலிருந்து உயிருள்ளதை வெளிப்படுத்துதல் பற்றிய தொடரில், நாஃபிஉ, ஹம்ஸா, கிஸாயீ, ஆஸிமின் மாணவர் ஹஃப்ஸ் ஆகியோர் மய்யித் என்கின்றனர். இப்னு கஸீர், அபூ அம்ர், இப்னு ஆமிர், ஆஸிமின் மற்றொரு மாணவர் ஷுஅபா ஆகியோர் மய்த் என்கின்றனர். ஒரே ஆசிரியரின் இரு மாணவர்கள் இரு பக்கமும் நிற்பதைக் கவனிக்க வேண்டும். 49:12இல் இறந்த சகோதரனின் இறைச்சி பேசப்படுகிறது. அங்கே ஐயத்திற்கிடமின்றிச் சாவு நிகழ்ந்து முடிந்திருக்கிறது. அகராதிப் பகுப்பு உண்மையென்றால் எல்லோரும் இலேசாக ஓதியிருக்க வேண்டும். மதீனாவின் நாஃபிஉ (இறப்பு 785) இரட்டித்தே ஓதுகிறார். அபூ ஜஅஃபர் இந்தச் சொல்லை எங்கு கண்டாலும் இரட்டிப்பவர்.

தொலைவில் போகவும் வேண்டாம். ஹஃப்ஸின் ஓதலை மட்டும் எடுத்துக்கொண்டாலும், 7:57இல் மழை காணாத நிலம் மய்யித். 25:49இல் அதே மழை காணாத நிலம் மய்த். நிலத்தின் நிலையில் வேறுபாடு ஒன்றுமில்லை.

எனவே, முடிந்த சாவுக்கு மய்த் மட்டுமே என்ற விதி நிற்காது. ஆனால் இங்கே ஓர் எதிர்பாராத திருப்பம் இருக்கிறது. ஓதல் மரபுகளைத் தொகுத்த இப்னுல் ஜஸரீ (1350–1429), இன்னும் சாகாதவரைப் பற்றிய இடங்களில், அதாவது 39:30, நரகவாசி சாகவும் மாட்டான் என்னும் 14:17 போன்றவற்றில், ஓதுநர் அனைவரும் ஒருமனதாக யகரத்தை இரட்டிக்கின்றனர் என்று பதிவு செய்கிறார். கருத்து வேறுபாடு முழுவதும் முடிந்த சாவின் பக்கத்தில்தான். வரப்போகும் சாவின் பக்கத்தில் ஒருவர்கூட மய்த் என்று ஓதவில்லை.

ஆகவே அகராதியாளர்கள் பாதி சரி, பாதி தவறு. மய்த் என்றால் இறந்தவன் மட்டுமே, இதுவரை சரி. ஆனால் அதன் மறுதலையாக மய்யித் என்றால் சாகாதவன் மட்டுமே என்று அவர்கள் கொண்டது பொருந்தாது. மய்யித் இரு பக்கமும் பரந்து கிடக்கிறது. மய்த் அதன் ஒரு பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. தமிழில் நாள், பகல் என்னும் சொற்களின் உறவு இத்தகையது. பகல் நாளுக்கு எதிர்ச்சொல் அன்று. நாளின் ஒரு கூறு. எதிர்ச்சொல்லாக இல்லாததை எதிர்ச்சொல் இணையாக்கிக் காட்டியதுதான் அந்த மனனப் பாட்டின் பிழை.

இரட்டை வடிவம் கண்ட இடத்தில் இரட்டைப் பொருள் தேடும் அகராதியாளர் பழக்கம் இச்சொல்லோடு நிற்கவுமில்லை. ஹய்ன்–லய்ன் என்று இலேசாகச் சொன்னால் புகழ்ச்சி, ஹய்யின்–லய்யின் என்று கனத்துச் சொன்னால் இகழ்ச்சி என்று இப்னுல் அஅராபீ பகுத்ததாகப் பதிவு உள்ளது. ஒலித்தேய்வால் விளைந்த இணைகளுக்குப் பொருள்வேறுபாடு கற்பிப்பது சுவையான பணி. மொழியும் சிலவேளை பின்னர் அதற்கு இணங்கிவிடும். அடிக்கடி வழங்கும் சொல்லே விரைந்து தேயும். செத்துக் கிடப்பதைச் சுட்ட அன்றாடம் வேண்டியிருந்த சொல் தேய்ந்தது. உயிரோடிருப்பவரிடம் 'நீ சாகப்போகிறவன்' என்று சொல்லும் அரிய, அழுத்தமான கூற்று முழு வடிவத்தை விடாமல் வைத்துக்கொண்டது. இரு வடிவங்களின் பரவல் இப்படி அமைந்ததற்கு இதைவிடச் சிக்கனமான விளக்கம் தென்படவில்லை.

'மாயித்' என்ற மூன்றாவது வடிவத்தை மறந்துவிடக் கூடாது. 39:30ஐ அவ்வடிவத்தில் ஓதியோரும் உண்டு என்று குறிப்பிடும் ஸமக்ஷரீ (இறப்பு 1144), வேறுபாட்டை இலக்கண வகையால் விளக்குகிறார். மாயித் என்பது நிகழப்போகும் ஒரு நிகழ்வைச் சொல்வது. 'அவன் நாளை சாகிறவன்' என்று நாள் குறிக்கலாம். மய்யித் என்பது நீங்காத பண்பு. சய்யித் என்பதைப் போல ஒட்டிக்கொண்டிருப்பது. அரபு இலக்கணம் இந்த இரண்டாவது வகைக்கு வினைப்பெயரை ஒத்த பண்புச்சொல் என்று தனிப்பெயரே வைத்திருக்கிறது. மேலே கண்ட இகர வினையின் நிலைப்பொருளோடு இது அழகாகப் பொருந்துகிறது. சாவு ஒருவனுக்கு ஒருநாள் நேரும் நிகழ்ச்சி என்பதைவிட, பிறந்தது முதல் அவன்மேல் இருக்கும் தன்மை என்று கொண்டால், காலம் பற்றிய கேள்வியே எழாது. ஸமக்ஷரீ மறுமை பற்றிப் பேசவில்லை. வாய்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார். அதனாலேயே அவர் விளக்கம் வலுவுடையது.

பன்மையில் இது இன்னும் தெளிவாகிறது. மய்யித் என்பதற்கு மூன்று பன்மைகள்: மய்யிதூன், மவ்தா, அம்வாத். முதலாவது ஈறு சேர்த்து ஆக்கும் பன்மை. மற்ற இரண்டும் சொல்லை உள்ளேயே உடைத்து ஆக்குபவை. உடைந்த பன்மைகளில் வேரின் வகரம் மீண்டும் தலைகாட்டுகிறது. குர்ஆனில் ஈற்றுப் பன்மை மூன்று இடங்களில் வருகிறது: 23:15, 37:58, 39:30. மூன்றிலும் சாவு இன்னும் வரவில்லை. இனி சாவோமா என்று சொர்க்கவாசிகள் கேட்பது நடுவில் உள்ள இடம். கிடத்தப்பட்டவர்களுக்கோ மவ்தாவும் அம்வாத்தும் வருகின்றன. ஒருமையில் ஓதுநர்கள் வேறுபட்ட இடத்தில் பன்மை தன் வரம்பைத் தெளிவாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. மய்த்–மய்யித் பற்றிப் பாட்டுக் கட்டியவர்கள் பன்மையைப் பார்த்திருந்தால் அவர்களுக்கு நல்ல சான்று கிடைத்திருக்கும்.

மவ்தா என்னும் பன்மை எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதையும் பார்க்கலாம். கொல்லப்பட்டவர்கள் கத்லா, காயம்பட்டவர்கள் ஜர்ஹா, சிறைப்பட்டவர்கள் அஸ்ரா, நோயுற்றவர்கள் மர்ழா, இறந்தவர்கள் மவ்தா. இவ்வாய்பாடு செயப்பாட்டுப் பொருளுள்ள சொற்களுக்கே முதலில் உரியது. கொல்லப்படுவதும் சிறைப்படுவதும் பிறர் செய்வது. நோயுறுதலும் இறத்தலும் இலக்கணப்படி செய்வினை. அவை ஏன் இக்கூட்டத்தில் சேர்ந்தன? சீபவைஹி தம் ஆசிரியர் கலீலின் விடையைத் தருகிறார்: அவர்கள் விரும்பாமலே அதனுள் நுழைக்கப்படுகிறார்கள், அதனால்தான். எட்டாம் நூற்றாண்டு பஸ்ராவில் ஒரு பன்மை விகுதிக்குச் சொல்லப்பட்ட காரணம் இது.

பெண்பாலில் வடிவப் பிரிவு சட்டமாகவே இறுகியது. 'மய்த்தா' என்றால் முறைப்படி அறுக்கப்படாமல் செத்த விலங்கு. உண்ணக்கூடாதவற்றின் பட்டியலில் அது முதலிடம் பெறும். அது பெயரடையாக இருந்து பெயராகிவிட்ட சொல். இறந்த பெண்ணைச் சுட்ட இரட்டித்த 'மய்யிதா' தனியே நிற்கிறது. நிலத்துக்கு வந்தால் 'மவாத்': உரிமையாளர் இன்றி, உழவின்றிக் கிடக்கும் தரிசு. அதற்கு உயிரூட்டுபவர் அதை உடைமையாக்கிக்கொள்ளலாம் என்பது பொதுவிதி. அரசின் அனுமதி வேண்டும் என்றார் அபூ ஹனீஃபா. வேண்டியதில்லை என்றனர் அவர் மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மதும். ஔரங்கசீப் காலத்தில் தொகுக்கப்பட்ட 'ஃபதாவா ஆலம்கீரி'யிலும் இறந்த நிலத்தை உயிர்ப்பித்தலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. 1858இன் உஸ்மானிய நிலச் சட்டம் இச்சொல்லை வரையறுத்தது. பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷார் 1921இல் தனி ஆணை பிறப்பித்து, அனுமதியின்றித் தரிசை உழுபவரை அத்துமீறியவராக்கினர். ஒரு நிலத்தை 'இறந்தது' என்று வகைப்படுத்துவது யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு அதை மாற்றுகிறது என்பது அங்கே இன்றும் நீதிமன்றங்களில் பேசப்படும் பொருள். (ஹரியானாவின் மேவாத் பகுதிக்கும் இதற்கும் உறவில்லை; அது மேவ் மக்களின் பெயரால் அமைந்தது.)

இந்திய மொழிகளுக்குள் வந்தபோது சொல் தன் காலத்தை இழந்தது. உருதுவில் 'மய்யத்' என்றால் பிணம், சில வழக்குகளில் பாடை அல்லது இறுதி ஊர்வலம். பெயரடைத்தன்மை போயிற்று, இறந்தவர் ஆணாயினும் சொல் பெண்பால். உயிருள்ள எவரையும் உருதுவில் மய்யத் என்று சொல்ல முடியாது, சொன்னால் சாபம். எனவே 39:30ஐ உருதுவில் பெயர்ப்போர், மூலத்தின் அதே சொல் தம் மொழியில் அன்றாடம் புழங்கியும் அதைத் தொட முடியாமல், 'மர்னா' என்ற சொந்த வினையை நாடுகிறார்கள். இறந்தவரின் பெயருக்கு முன்போ பின்போ வைக்கும் அடைக்கு இந்திய முஸ்லிம்கள் வேறு வேருக்குப் போனார்கள்: 'மர்ஹூம்', அருளப்பட்டவர். வடிவத்தில் அது முடிந்ததைக் கூறும் செயப்பாட்டுப் பெயர். பொருளில் 'அருளப்படுவாராக' என்னும் வேண்டுதல்.

மலையாள முஸ்லிம்களிடம் மய்யத்து என்றும், தமிழ் முஸ்லிம்களிடம் மய்யித்து, மய்யத்து என்றும் வழங்குவதும் பிணம் என்ற பெயரே. தமிழில் அது ஒரு கூட்டுச்சொல்லையும் ஈன்றது. அடக்கத்தலத்தைத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் 'மையவாடி' என்கிறார்கள். வாடி என்பது அடைக்கப்பட்ட இடம். முதற்பகுதியில் மய்யித்தின் தகரம் கெட்டு, இரட்டித்த யகரமும் ஐகாரமாகி மறைந்துவிட்டது. பஸ்ராவும் கூஃபாவும் சண்டையிட்ட இடம் இப்போது ஓர் 'ஐ'. சொல்லைப் புதிதாகக் கேட்கும் தமிழர் அதை 'மையம்' என்பதோடு இணைத்து, ஊரின் நடுவில் உள்ள இடம் என்று கருதிக்கொள்வதும் உண்டு.